இரண்டு சாமக் காவல்

அந்தத் தம்பியின் தாளில் பெயர் எழுத வேண்டிய இடம் இரண்டு மாதமாகக் காலியாகவே கிடந்தது. மற்ற கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருந்தன. மனிதன், ஃபைட்டர், பலம் 16, ஒரு கேடயம், ஒரு நீண்ட வாள். தன் முறை வரும்போது “நான் அடிக்கிறேன்” என்பான். இருபது பக்கப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணைச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மேசையைச் சுற்றியிருந்த நாங்களும் அவனுடைய வீரனை ‘ஃபைட்டர்’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பெயரில்லாத ஒருவன் எங்களுக்காக வாரா வாரம் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தான்.

இது நடந்தது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரத்தில். மண்ணியல் படிக்கப் போயிருந்தேன். 2016 ஜனவரியில், மெண்டோட்டா ஏரி உறைந்து அதன்மேல் ஆட்கள் நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் வேலை செய்த ஒருவர் என்னை ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நீளமான மேசை, அதன்மேல் பகடைகள், பென்சில்கள், பெரிய பாத்திரம் நிறையச் சோளப்பொரி. அன்று ஆரம்பித்த ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் அடுத்த ஆண்டு மே மாதம்தான் முடிந்தது.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கதையை நடத்துபவர் ஒருவர், அவர் டன்ஜியன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். கண்முன் என்ன இருக்கிறது என்று டி.எம். சொல்வார். தன் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று ஆடுபவர் சொல்வார். செய்வது பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும். அவ்வளவுதான். ஒரே கதை மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில் ஓடும்.

இந்த ஆட்டம் பிறந்த ஊர் மேடிசனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். லேக் ஜெனீவா என்ற சிறிய ஏரிக்கரை ஊர். அங்கே வாழ்ந்த கேரி கைகாக்ஸும், பக்கத்து மினசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கி 1974-இல் வெளியிட்டார்கள். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு ஆயிரம் பிரதி. அதற்கு முன்பு இவர்கள் ஆடியதெல்லாம் போர் விளையாட்டு. மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை அணி அணியாக நிறுத்தி, ஒருவர் ஒரு படையையே நகர்த்துவார். 1960-களின் கடைசியில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் ‘பிரவுன்ஸ்டைன்’ என்றொரு ஆட்டம் நடத்தினார். அதில் ஆளுக்கொரு படைக்குப் பதிலாக ஆளுக்கொரு மனிதனைக் கொடுத்தார், ஒவ்வொருவனுக்கும் தனித்தனி நோக்கத்தோடு. படை வரிசையிலிருந்து ஒருவன் வெளியே வந்து நின்றான். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது என்று எங்கள் டி.எம். அடிக்கடி சொல்வார். 2016 கோடையில் நானும் எங்கள் மேசையிலிருந்த நர்ஸும் லேக் ஜெனீவாவுக்குப் போய், 1968-இல் முதல் ஜென் கான் விளையாட்டு மாநாடு நடந்த தோட்டக்கலைக் கூடத்தின் வாசலில் நின்றுவிட்டு வந்தோம். ஒரு கோயில் வாசலில் நிற்கிற மாதிரிதான் எனக்கு இருந்தது.

என் பாத்திரம் ஒரு பூசாரிப் பெண், அல்லி. அவளுக்காகப் பதினொரு பக்கம் முன்கதை எழுதியிருந்தேன். பிறந்த மலை, அழிந்த கோயில், குருவின் சாபம் என்று ஒன்றையும் விடவில்லை. அச்சடித்து எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். பணிவாக வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரம் மனசு கனத்தது. நான் வெளியூர்க்காரி, என் கதை இவர்களுக்கு எதற்கு என்றுகூட நினைத்தேன்.

நான்காவது வாரம், கதைக்குள் ஒரு காட்டில் தீமூட்டிப் படுக்கப் போகும் நேரம். அந்த நர்ஸ் எங்கள் கூட்டத்தில் வழிகாட்டும் வேட்டைக்காரியாக வந்தவர். அவர் தன் பாத்திரத்தின் குரலில் என்னைப் பார்த்துக் கேட்டார்: “முதல் ராத்திரியே கவனித்தேன். படுக்கும்முன் சால்வையை நாலாக மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறாய். ஏன் நாலாக?”

போகிற போக்கில் நான் எப்போதோ சொன்ன ஒரு வரி அது. பதினொரு பக்கத்தில் சால்வையே கிடையாது. வாயைத் திறந்தேன், பதில் தானாக வந்தது. “நாலாக மடித்தால்தான் ரெண்டு தலைக்குப் போதும். நானும் என் தங்கையும் ஒரே சால்வையில்தான் படுப்போம்.” அல்லிக்குத் தங்கை இருப்பது அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது. டி.எம். தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து அந்தத் தங்கை கதைக்குள் வந்தாள். அவளைத் தேடிப் போன பயணம்தான் எங்கள் ஆட்டத்தின் பாதி.

அன்று இரவு எனக்கு ஊர் ஞாபகம். எங்கள் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் போட்டால் பத்து நாளைக்குக் குறையாமல் கூத்து நடக்கும். துரியோதனன் கட்டை கட்டிக்கொண்டு வந்தவுடனே முகத்தைக் காட்டிவிட மாட்டான். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து பாடுவான், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். கட்டியங்காரன் திரைக்குப் பக்கத்தில் போய், நீங்கள் யார், எந்த தேசம், எதற்காக இந்தச் சபைக்கு வந்தீர்கள் என்று கேட்பான். கேட்ட பிறகுதான் ராஜா தன்னைச் சொல்லுவார். சிறுவயதில் எனக்கு அது புரியாத விஷயம். ஊருக்கே தெரியுமே, எதற்குக் கேட்கிறான் என்று அப்பாவை நச்சரிப்பேன். மேடிசனில் ஒரு நர்ஸ் என்னைக் கேட்டபோதுதான் கட்டியங்காரனின் வேலை எவ்வளவு பெரியது என்று உறைத்தது. கேட்பவன் இல்லாவிட்டால் துரியோதனனும் திரைக்குப் பின்னால் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான்.

பாத்திரத்தை வளர்ப்பது டி.எம்-மின் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து பேரின் கதையையும், வழியில் வரும் ஊர்க்காரர்கள், பூதங்கள், கடைக்காரர்கள் அத்தனை பேரையும் அவர் ஒருவர் சுமக்கிறார். ஒவ்வொருவரும் சொல்லும் சின்னச் சின்ன வரிகளைப் பிடித்துவைக்க அவருக்குக் கை போதாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது முடியும். ஐந்தாம் பதிப்பின் விதிப்புத்தகம் 2014-இல் வந்தது. அதில் ‘இன்ஸ்பிரேஷன்’ என்று ஒரு சலுகை உண்டு. பாத்திரத்தின் குணத்துக்குப் பொருத்தமாக ஆடினால் டி.எம். அதைக் கொடுப்பார். வைத்திருப்பவர் இக்கட்டான நேரத்தில் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அதே பத்தியில் இன்னொரு விதி இருக்கிறது. உனக்குக் கிடைத்த இன்ஸ்பிரேஷனை, நன்றாக ஆடிய சக ஆட்டக்காரருக்கு நீயே தூக்கிக் கொடுக்கலாம். பல வீடுகளில் இதைக் கண்டுகொள்வதே இல்லை. எங்கள் டி.எம். இதற்காகவே நீலக் கண்ணாடிக் குண்டுமணிகள் வைத்திருந்தார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் முன்னால் அந்த மணி உருண்டு போகும் சத்தத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்திருக்கிறேன்.

அக்டோபரில் தம்பி வந்தான். அந்த ஆகஸ்டில்தான் முதுகலை படிக்க வந்திருந்தான். ராஜபாளையத்துப் பையன். தமிழ்ச் சங்கப் பொங்கல் கமிட்டிக்கு ஆள் பிடிக்கப் போன இடத்தில் கிடைத்தவன், அறையிலேயே அடைந்து கிடக்கிறானே என்று நான்தான் கூட்டிவந்தேன். அந்த 2014 விதிப்புத்தகத்தில் பதின்மூன்று பின்னணிகள் இருக்கின்றன. சிப்பாய், துறவி, மாலுமி, தெருப்பிள்ளை என்று போகும். ஒவ்வொன்றின் கீழும் குணம், கொள்கை, பந்தம், குறை என நான்கு பட்டியல். யோசனை வராவிட்டால் பகடை உருட்டி எடுத்துக்கொள்ளலாம். அவன் சிப்பாய் என்று எழுதினான். அந்த நான்கு கட்டத்தையும் விட்டுவிட்டான். “அப்புறம் எழுதிக்கலாம்க்கா” என்றான்.

எனக்குச் சால்வை கிடைத்த மாதிரி அவனுக்கும் ஒன்று கிடைக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். ஆசை சரி. செய்த விதம் தப்பு. நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, கதைக்குள் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்திருந்தோம். அல்லியின் வாயால் வரிசையாகக் கேட்டேன். உன் ஊர் எது? உன் வீட்டில் யார் யார்? உன் அப்பா என்ன செய்கிறார், அவர் உன்னை ஏன் படைக்கு அனுப்பினார்? மேசையே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பகடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பாஸ்” என்றான். கூட்டத்தில் பாணனாக ஆடிய நாடகத்துறை மாணவர் சட்டென்று ஒரு பாட்டை எடுத்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அடுத்த இரண்டு ஞாயிறும் தம்பி வரவில்லை.

மூன்றாம் வாரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன்.

“என்ன தம்பி, ஆளையே காணோம்?”

“அசைன்மென்ட் இருந்துச்சுக்கா.”

பஸ் வரப் பதினைந்து நிமிடம் இருந்தது. காற்று முகத்தை அறுத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்.

“அன்னிக்கு அப்பாவப் பத்திக் கேட்டீங்கல்ல. எங்கப்பா ஆடி மாசம் தவறிட்டாருக்கா. விசா வந்து அஞ்சாம் நாளு.”

“ஐயோ, எனக்குத் தெரியாதுப்பா. தெரியாமக் கேட்டுட்டேன்.”

“நீங்க என்ன செய்வீங்க. கதைதான, ஏதாவது ஒண்ணு சொல்லிருவோம்னுதான் வாயத் தெறந்தேன். பொய்யா ஒரு அப்பாவச் சொல்ல வரலக்கா.”

பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. இறங்கும்போது, “இந்த வாரம் வர்றேன்” என்றான்.

அந்த ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன்பு, தம்பியின் பெயரை எடுக்காமல், டி.எம்-மிடம் மட்டும் என் தவறைச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளை அட்டையில் பெரிதாக எக்ஸ் எழுதி மேசை நடுவில் வைத்தார். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் கொண்டுவந்த பழக்கம் அது. யாருக்காவது கதை போகும் போக்கு தாங்கவில்லை என்றால் அட்டையைத் தொட்டால் போதும். அந்த விஷயம் கதையிலிருந்து போய்விடும். காரணம் கேட்கக் கூடாது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று அவர் வருந்தினார். அந்த அட்டையை நாங்கள் தொட்டது கடைசிவரை இரண்டே முறை. ஆனால் அது அங்கே இருந்ததால்தான் பல கதவுகளைத் தட்டிப் பார்க்கும் தைரியம் எங்களுக்கு வந்தது. இதை அவசியமில்லாத ஜாக்கிரதை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒரு பையனின் முகத்தை நான் பார்த்த மாதிரி பார்த்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு நான் அவனிடம் ஊரையும் வீட்டையும் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். கேடயத்தில் ஒரு சொட்டை இருக்கிறதே, இடப்பக்கமா வலப்பக்கமா என்ற அளவில் ஏதாவது கேட்பேன். அவனும் “இடப்பக்கம்” என்பான். அதோடு சரி.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஆள். எங்கள் கூட்டத்தில் திருடனாக ஆடியவர் கணிதத்துறை ஆராய்ச்சி மாணவர். பாத்திரம், உணர்ச்சி, முன்கதை எதிலும் அவருக்கு நாட்டம் கிடையாது. எந்த அடிக்கு எவ்வளவு சேதம், எந்தக் கதவுக்கு எவ்வளவு வாய்ப்பு, அதுதான் அவருக்கு ருசி. அப்படி ஆடுபவர்களைக் குறைவாகப் பேசும் வழக்கம் சிலரிடம் உண்டு, என்னிடமும் கொஞ்சம் இருந்தது. டிசம்பர் நடுவில் ஒரு நாள் அவர் தன் கணக்கு நோட்டைத் திறந்து, சலிப்போடு ஒரு முறையீடு வைத்தார்.

விதிப்படி, எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகள் முழுவதும் திரும்பிவிடும். அந்த ஓய்வுக்குள் இரண்டு மணி நேரம்வரை காவல் நிற்கலாம். அதற்கு மேல் நின்றால் ஓய்வு கணக்கில் சேராது. ஐந்து பேர் இருக்கும் கூட்டத்தில் நான்கு பேர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் நின்றாலே விடிந்துவிடும். ஃபைட்டர் வந்ததிலிருந்து கதைக்குள் பத்தொன்பது இரவுகள் போயிருக்கின்றன. பதினொரு இரவுகளில் அவன் இரண்டு சாமம், நான்கு மணி நேரம் நின்றிருக்கிறான். தன் முறை முடிந்தும் அடுத்தவரை எழுப்புவதில்லை. காலையில் காயம் ஆறாமல் எழுந்திருக்கிறான். அவனைத் தேற்ற அல்லியின் குணமாக்கும் மந்திரம் தினம் இரண்டு செலவாகிறது. இது கூட்டத்துக்கு நஷ்டம்.

உண்மைதான். அந்த மந்திரங்கள் போவது எனக்கும் உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது. “காவலுக்கு நானே நிக்கிறேன்” என்று அவன் சொல்லும்போதெல்லாம், விதி தெரியாத புதுப்பையன் என்றே நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். விதி தெரியும், உயிர்ப்புள்ளி போகும் என்று தெரிந்தேதான் நிற்கிறான் என்பது, அந்தப் பதினொன்று என்ற எண்ணைக் கேட்டபோதுதான் விளங்கியது. நாங்கள் ஊரையும் அப்பாவையும் தேடிக்கொண்டிருந்தோம். ஆள் எங்கள் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருந்தான்.

அந்த வாரமே கதைக்குள் இன்னோர் இரவு வந்தது. ஒரு பாழடைந்த மதகுக்குப் பக்கத்தில் படுத்தோம். தம்பி வழக்கம்போல, “காவலுக்கு நானே நிக்கிறேன்” என்றான். நான் டி.எம்-மைப் பார்த்துச் சொன்னேன்: “அல்லி நடுச்சாமத்தில் விழித்துக்கொள்கிறாள். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே காவல் நிற்பவனைப் பார்க்கிறாள்.” பிறகு தம்பியின் பக்கம் திரும்பினேன். “அவள் கண்ணுக்கு என்ன தெரிகிறது?”

பாணன் ஏதோ சொல்ல மூச்சை இழுத்தார். நர்ஸ் அவர் மணிக்கட்டில் மெல்லக் கை வைத்தார். ஹீட்டர் நின்றுவிட்டிருந்த நேரம். வெளியே தெருவில் பனி தள்ளும் வண்டி போகும் சத்தம் கேட்டது.

“அவன் சும்மா நிற்கவில்லை,” என்றான் தம்பி. ஆங்கிலத்தில்தான் பேசினான், ஒவ்வொரு சொல்லாக. “சுற்றி வருகிறான். கையில் ஒரு கம்பு. மணிக்கொரு தடவை அதைக் கல்லில் தட்டுகிறான்.”

“சத்தம் கேட்டு எதிரி வந்துவிட மாட்டானா?” என்றார் கணிதக்காரர். அவர் கேட்டது விதியை மனதில் வைத்துத்தான்.

“வரலாம். ஆனால் தூங்குகிறவர்களுக்குப் பாதித் தூக்கத்தில் அது காதில் விழும். ஒருத்தன் முழித்திருக்கிறான் என்று தெரியும். திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.”

யாரும் பேசவில்லை. என் முன்னாலிருந்த நீல மணியை அவன் பக்கம் உருட்டிவிட்டேன். அது அவன் தாளின் ஓரத்தில் போய் நின்றது. நர்ஸ் கேட்டார்: “உங்கள் மொழியில் இப்படி முழித்திருக்கும் ஆளுக்கு என்ன பெயர்?” அவன் கொஞ்சம் யோசித்தான். “காவல்,” என்றான். காவல்காரன் என்று சொல்ல வந்தானோ என்னவோ, அத்தோடு நிறுத்திக்கொண்டான். பேனாவைத் திறந்து, காலியாக இருந்த இடத்தில் தமிழிலேயே எழுதினான். அன்றிலிருந்து அந்த அமெரிக்கர்கள் எல்லோரும் அவனை ‘காவல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கணிதக்காரர் மட்டும் வீட்டில் சொல்லிப் பார்த்துப் பழகிவந்து, ஒரு வாரத்தில் ளகரம் கலக்காமல் சுத்தமாகச் சொன்னார்.

திரும்பி நடக்கும்போது தம்பி ரொம்ப நேரம் காலால் பனியைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

“எங்கப்பா ஸ்பின்னிங் மில்லுல நைட் வாட்ச்மேன்க்கா. இருபத்திரெண்டு வருஷம். மில்லுக்குப் பின்னாடி லைன்லதான் எங்க வீடு. கேட்டுகிட்ட ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், மணிக்கொரு தரம் அதுல அடிப்பாரு. மூணு மணி அடிக்கிறது கேட்டதும் எங்கம்மா புரண்டு படுப்பாங்க. நான் முழிச்சுக் கெடந்து பாத்திருக்கேன்.”

“அத நெனச்சுத்தான் ராத்திரி ராத்திரி காவலுக்கு நின்னியா?”

“இல்லக்கா. நான் எதையும் நெனைக்கல. யாராவது நிக்கணும்லன்னு நின்னேன். நீங்க கேட்டப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு.”

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் மேசையில் ஒரு மாற்றம் தெரிந்தது. முக்கியமாகப் பாணனிடம். அவர் நல்ல நடிகர், குரல் வளம் உள்ளவர். மௌனம் விழுந்தால் தாங்க மாட்டார், தன் பேச்சால் நிரப்பிவிடுவார். டி.எம். அவரைத் தனியாக அழைத்து, பாணன் தன்னைப் பாடுவானா, அரசனைப் பாடுவானா என்று மட்டும் கேட்டாராம். அடுத்த வாரத்திலிருந்து அவர் ஒரு குறிப்பேட்டோடு வந்தார். எங்கள் ஒவ்வொருவரையும் பற்றிப் பாட்டுக் கட்டப் போவதாகச் சொல்லி, ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஒரே ஒரு விவரம் கேட்டு வாங்குவார். “வாளைத் துடைத்தாயா, அப்படியே உறையில் போட்டாயா?” பேசுகிற ஆசை அவருக்குக் குறையவில்லை. அது எங்கள் பக்கமாகத் திரும்பியிருந்தது. மேசையில் அதிகம் பேசுபவரை அடக்கத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அவரிடம் கேட்கும் வேலையைக் கொடுத்தால் அவரைவிடச் சிறந்த துணை கிடையாது.

நான் மற்ற ஆட்டங்களின் விதிப்புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இதே அக்கறையைப் பலர் பல விதமாக விதியாக்கியிருக்கிறார்கள். கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985-இல் எழுதிய ‘பென்டிராகன்’, ஆர்தர் மன்னர் காலத்து வீரர்களைப் பற்றியது. அதில் இரக்கம், கொடுமை என்பது போல எதிரெதிரான பதின்மூன்று ஜோடிக் குணங்கள். ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் இருபது வரும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். கணிதக்காரருக்கு இதைக் காட்டினேன். அன்றுதான் முதன்முறையாக, குணம் என்பதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். 2009-இல் வந்த ‘ஃபியாஸ்கோ’வில் பாத்திரத்தைத் தனியாக உருவாக்கவே முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் உனக்கும் என்ன உறவு என்பதிலிருந்துதான் ஆரம்பம். 2012-இல் வந்த ‘டன்ஜியன் வேர்ல்ட்’ ஆட்டத்தில் சக பாத்திரத்தின் பெயரை இட்டு நிரப்பும் வாக்கியங்கள் தாளிலேயே அச்சாகியிருக்கும். அந்த உறவு ஒரு முடிவுக்கு வந்ததாக இருவரும் ஒத்துக்கொண்டால், அந்த வரிக்குச் சொந்தக்காரருக்கு அனுபவப்புள்ளி உண்டு. இதை எங்கள் ஆட்டத்துக்குக் கடன் வாங்கினோம். ஆளுக்கொரு வரி. “எனக்குத் தண்ணீர் என்றால் பயம், அது ________ ஒருவருக்குத்தான் தெரியும்” என்று நான் எழுதி, கோட்டில் காவலின் பெயரைப் போட்டேன். ஆறு கடக்கும்போதெல்லாம் அவன் என் பக்கம் ஒரு தடவை பார்ப்பான், யாரும் கேட்காமலே இடப்பக்கம் வந்து நிற்பான். தம்பியைப் பேசவைக்க நான் செய்த அத்தனை முயற்சியைவிட, அவனுடைய வீரன் இல்லாமல் என் பூசாரியால் முடியாது என்ற நிலை அவனை அதிகம் பேசவைத்தது.

கணிதக்காரரின் திருடனிடமும் கண் போனது. எந்த அறைக்குள் போனாலும் அவர் கதவுக்குப் பக்கத்துக் கட்டத்தில்தான் தன் பொம்மையை வைப்பார். தப்பிக்க வசதி, அவ்வளவுதான் என்பார். மார்ச் மாதம் காவல் அவனிடம் கேட்டான்: “நீ கடைசியாகத் தப்பிக்க முடியாமல் போன அறை எது?” தம்பி கேட்ட முதல் கேள்வி அது. கணிதக்காரர் பதில் சொல்லாமல் அடுத்த வாரம்வரை அவகாசம் கேட்டார். அடுத்த வாரம் வந்து சொன்ன பதிலை அவருடைய அனுமதியில்லாமல் நான் இங்கே எழுத மாட்டேன். மேசையில் ஐந்து நீல மணிகளும் அவர் முன்னால் போய்ச் சேர்ந்தன. ஒருவர் ஒன்றுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அன்று டி.எம். விதியைப் பார்க்கவில்லை.

2017 மே மாதம் கடைசி ஞாயிறு. பட்டம் வாங்கி நாடகத்துறை மாணவர் ஊரை விட்டுப் போகிறார், எனக்கும் ஆய்வேட்டுக்கு உட்கார வேண்டிய நேரம். கதையில் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்திருந்தோம். தங்கை கிடைத்துவிட்டாள். மலையடிவாரத்தில் கடைசியாக ஓர் இரவு, விடிந்தால் ஆளுக்கொரு திசை. ஏரியில் பனி கரைந்து எத்தனையோ வாரமாகியிருந்தது. பேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

“காவல் யார்?” என்று வழக்கம்போல டி.எம். கேட்டார்.

தம்பி வாயைத் திறக்கும்முன் கணிதக்காரர் சொன்னார்: “என் ஆள் நிற்கிறான். இரண்டு சாமமும் அவனே.”

“உங்களுக்கு ஓய்வு கணக்கில் வராதே,” என்றான் தம்பி.

“தெரியும்.”

டி.எம். பகடையைத் தொடவில்லை. நான் அல்லியின் சால்வையை நாலாக மடித்துத் தரையில் போட்டதாகச் சொன்னேன். நர்ஸ் தீயை அணைத்ததாகச் சொன்னார். தம்பி தன் தாளைக் குப்புறக் கவிழ்த்துவைத்தான். “காவல் படுக்கிறான்,” என்றான்.

கணிதக்காரர் விரல் மடக்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் நேரம் விட்டு இன்னொன்று. நாங்கள் யாரும் அசையவில்லை. மூன்றாவது தட்டுக் கேட்டதும் தம்பி கண்ணை மூடியபடியே சொன்னான்.

“புரண்டு படுக்கிறான்.”